மாலை வகுப்புக்கு எந்த இணைப்பு?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. பக்கத்துக் கிராமங்களில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஏழு பிள்ளைகளுக்கு, இரவு ஏழு மணிக்கு மேல் ஆன்லைனில் இலவசமாகப் பாடம் நடத்துகிறேன். போன் ஹாட்ஸ்பாட்டில்தான் லேப்டாப்பை இணைக்கிறேன். பாதி வகுப்பில், "டீச்சர், வாய்ஸ் கட்டாகுது" என்கிறார்கள். மாதம் ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குள் நல்ல இணைப்பு கிடைக்குமா? 100 எம்பிபிஎஸ் எடுக்க வேண்டுமா?
- வாசகி, மணப்பாறை

பதில்: கிடைக்கும். 100 எம்பிபிஎஸ் தேவையே இல்லை. ஜூம், கூகுள் மீட் போன்றவற்றில் வீடியோவோடு பாடம் நடத்த, ஒன்றிலிருந்து மூன்று எம்பிபிஎஸ் வேகம் தடங்கலின்றி இருந்தால் போதும். ஹாட்ஸ்பாட்டில் அதுதான் கிடைப்பதில்லை. இரவு ஏழு மணிக்கு ஊரே போனும் கையுமாக இருக்கும். அத்தனை பேரும் அதே டவரைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறார்கள்.

உங்களுக்கு ஏற்றது ஃபைபர். பிஎஸ்என்எல் ஃபைபரோ, உள்ளூர் கேபிள்காரர் தரும் ஃபைபரோ, 30 எம்பிபிஎஸ் அளவிலான ஆரம்பத் திட்டமே போதும். விளம்பரத்தில் 399 ரூபாய் என்றிருந்தால், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து பில் 471 ரூபாய் வரும். டவுன்லோடு வேகத்தைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது அப்லோடு வேகத்தை. உங்கள் குரலும் நீங்கள் போடும் கணக்கும் பிள்ளைகளிடம் போய்ச் சேருவது அதன் வழியாகத்தான். லைன் அறுந்தால் எத்தனை நாளில் ஆள் வருவார் என்பதை, அதே கம்பெனி இணைப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். என்னைக் கேட்டால், வேகத்தைவிட இதுதான் முக்கியம்.

லேப்டாப்பையும் ரவுட்டரையும் லேன் கேபிளால் நேரடியாக இணைத்துவிடுங்கள். முடியாவிட்டால், நீங்கள் உட்காரும் அறையிலேயே ரவுட்டரை வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது. ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் தேய்ந்துவிடும். கரண்ட் போகும் ஊர் என்றால் ரவுட்டருக்கென்றே விற்கும் மினி யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள். பெரும்பாலான ஃபைபர் ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை. இருந்தாலும், அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

இனி பிள்ளைகள் பக்கம். அவர்களில் பலர் அப்பாவின் போனில், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டாவில் படிப்பவர்களாக இருப்பார்கள். ஒரு மணி நேர வீடியோ வகுப்பு அதில் பாதியை எளிதாக விழுங்கிவிடும். குரல் மட்டும் என்றால் 50 எம்பிகூட ஆகாது. அதனால் வணக்கம் சொல்லி முகம் பார்த்ததும் எல்லோரும் கேமராவை அணைத்துவிடுங்கள். குரலும், கணக்கு எழுதும் திரையும் போதும். அன்றைய கணக்குகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், நடுவில் சிக்னல் போன பிள்ளையும் விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இலவசக் கணக்கில் குழு வகுப்புக்கு ஜூம் 40 நிமிடம்தான் தரும். மீட் 60 நிமிடம் தரும்.

வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று ஆசை காட்டுவார்கள். இப்போதைக்கு வேண்டாம். முதலில் ஒரே ஒரு மாதம் கட்டி, வகுப்பு நடக்கும் அதே இரவு நேரத்தில் அப்லோடு வேகத்தைச் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.