ஓடையில் சுறாப்பல் தேடப் போகிறீர்களா?

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள பிக் புரூக் ஓடையில் சுமார் 7 கோடி ஆண்டுப் பழைய சுறாப்பற்கள் கிடைக்கின்றன. ஆனாலும் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் உண்டு.

1. பெருமழை பெய்து வெள்ளம் வடிந்தபின் போங்கள். கரை அரிபட்டுப் புதுச் சரளை சேர்ந்திருக்கும்.

2. வெறும் மணலில் நேரத்தை வீணாக்காதீர்கள். கனமான பல் சரளையோடுதான் தங்கும்.

3. சல்லடையைத் தண்ணீரில் முக்கிக் குலுக்குங்கள். சேறு போனால்தான் பளபளப்பு தெரியும். கால் அங்குலக் கண்ணுக்கு மேல் வேண்டாம், பொடிப் பற்கள் நழுவிவிடும்.

4. கறுப்பு முக்கோணத்தைக் கண்டதும் துள்ளாதீர்கள். இரும்புக்கல்லும் அப்படித்தான் ஏமாற்றும். மேலே வழவழப்பு, அடியில் சொரசொரப்பான வேர் இருந்தால் பல்தான். நீண்டு மெலிந்திருந்தால் பூதச்சுறா (goblin shark) இனத்தின் பல்லாக இருக்கலாம். அதிர்ஷ்டம்தான்!

5. ரப்பர் பூட்ஸ் போடுங்கள். அடியில் கண்ணாடிச் சில்லு கிடக்கும்.

6. கரையைத் தோண்டவே தோண்டாதீர்கள். சரிந்து விழும், விதியும் அனுமதிக்காது.

விதிப்படி சல்லடை 18 அங்குலத்தையும், சரளை அள்ளும் கைக்கரண்டியின் அலகு 6 அங்குலத்தையும் தாண்டக் கூடாது. ஆளுக்கு நாளொன்றுக்கு 5 புதைபடிவங்கள்தான் எடுக்கலாம். பிள்ளைகளிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.