வெயிலில் நிற்கும் பலகை, நிழல் கேட்கும் பெட்டி



உச்சி வெயில் நேரம். தெரு முழுவதும் மின்சாரம் நின்றுவிட்டது. மொட்டை மாடியில் சூரிய மின்பலகைகள் பொருத்திய ஒரு வீட்டிலும் விசிறி நின்றுவிட்டது. "வெயில் இப்படிக் கொளுத்துகிறதே, மாடியில் மின்சாரம் உண்டாகிக்கொண்டுதானே இருக்கும்? பெட்டி கெட்டுப்போய்விட்டதா?" என்று அந்த வீட்டுப் பாட்டி கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். இதற்கு விடை சொல்ல வேண்டுமானால், அந்தப் பெட்டி என்ன வேலை செய்கிறது, உண்மையில் எதனால் பழுதாகிறது என்பவை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெட்டியின் பெயர்தான் இன்வெர்ட்டர்.

பெட்டியின் வேலை

சிலிக்கன் சூரிய மின்கலத்தை 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூவர் உருவாக்கினார்கள். அன்று முதல் இன்று வரை சூரிய மின்கலம் தருவது நேர்திசை மின்னோட்டம்தான். டார்ச் விளக்கின் பாட்டரியைப் போல, அதன் நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாறுவதில்லை. நம் வீட்டுக்கு வருவதோ 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். அது நொடிக்கு 50 முறை முழுச் சுற்றாகத் திசை மாறுகிறது. முன்னதைப் பின்னதாக மாற்றுவதே இன்வெர்ட்டரின் வேலை.

எப்படி மாற்றுகிறது? ஒரு பாட்டரியையும் சிறு பல்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டரியின் முனைகளை மாற்றி மாற்றி இணைத்தால், பல்பின் வழியே ஓடும் மின்னோட்டம் இப்படியும் அப்படியுமாகத் திசை மாறும். நம் கையால் நொடிக்கு ஒரு முறை மாற்றலாம். இன்வெர்ட்டரில் குறைகடத்தியால் ஆன சுவிட்சுகள் நொடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடுகின்றன. அவை அனுப்பும் மின் துடிப்புகளில் சில நீளமானவை, சில குறுகியவை. அவற்றைக் கோத்து, ஏறி இறங்கும் ஒழுங்கான அலையாக ஆக்குகிறது இன்வெர்ட்டர்.

இத்தகைய சுவிட்சுகளில் புகழ்பெற்ற ஒன்று ஐ.ஜி.பி.டி. எனப்படும் டிரான்சிஸ்டர். அதை 1980களின் தொடக்கத்தில் உருவாக்கியவர், சென்னையில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்ற ஜெயந்த் பாலிகா. இதற்காக 2024ஆம் ஆண்டில் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

இந்தப் பெட்டி எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்கால் அறியலாம். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016ஆம் ஆண்டில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைக்கப்பட்டது. அங்கே சுமார் 25 லட்சம் மின்பலகைகள், இன்வெர்ட்டர்கள் 576. வகுத்துப் பாருங்கள். ஓர் இன்வெர்ட்டருக்கு ஏறத்தாழ 4,340 பலகைகள்! ஓர் இன்வெர்ட்டர் நின்றால் அத்தனை பலகைகளும் வெயிலில் சும்மா காய வேண்டியதுதான். வீட்டு மாடியிலோ பெரும்பாலும் ஒரே இன்வெர்ட்டர். அது நின்றால் எல்லாமே நின்றது.

முதலில் களைப்பது எது?

பலகைகள் 25 ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கக்கூடியவை. இன்வெர்ட்டரையோ பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டுகளுக்குள் ஒரு முறையாவது மாற்ற வேண்டியிருக்கிறது. வெயிலிலும் மழையிலும் நிற்கும் பலகை தாங்குகிறது. சுவரோரம் இருக்கும் பெட்டி களைத்துப்போகிறது. இது ஏன்?

முதல் காரணம் வெப்பம். நல்ல இன்வெர்ட்டர் கூட, தனக்குள் வரும் ஆற்றலில் சுமார் 3 விழுக்காட்டை வெப்பமாக இழக்கிறது. 5,000 வாட் பாயும்போது 3 விழுக்காடு என்பது 150 வாட். மூடிய பெட்டிக்குள் இரண்டு 75 வாட் குண்டு பல்புகளைப் பகலெல்லாம் எரியவிட்டதற்கு இது சமம். நம் ஊர்ச் சித்திரை வெயில் இதற்கு மேல்.

இந்த வெப்பத்தால் அதிகம் துன்பப்படுவது எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் என்னும் மின்தேக்கி. அதன் பணி என்ன? ஊரின் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஒரே சீராக நீரை ஏற்றுகிறது. வீடுகள் காலையில் அதிகமாகவும் மதியத்தில் குறைவாகவும் எடுக்கின்றன. இரண்டுக்கும் இடையே தொட்டி ஈடுகட்டுகிறது. அதுபோலவே பலகை சீராக ஆற்றல் தருகிறது. மாறுதிசை மின்னோட்டமோ நொடிக்கு 100 முறை ஏறி இறங்கி ஆற்றலை வாங்குகிறது. இடையில் சேர்த்து வைத்துக் கொடுப்பது கண்டன்சர்.

அதற்குள் மின்பகு திரவம் இருக்கிறது. சூடு ஏற ஏற அத்திரவம் சிறிது சிறிதாக ஆவியாகி ரப்பர் அடைப்பின் வழியே வெளியேறுகிறது. திரவம் வற்றினால் கண்டன்சரின் திறன் குறைகிறது. அமில, காரப் பாடத்தில் நீங்கள் படித்த அர்ஹீனியஸ், வெப்பநிலை உயர்ந்தால் வேதி வினைகள் எவ்வாறு விரைவுபடும் என்பதை 1889ஆம் ஆண்டில் ஆராய்ந்து சொன்னார். அதையொட்டிப் பொறியாளர்கள் கையாளும் ஓர் எளிய விதி இது: வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் கண்டன்சரின் ஆயுள் பாதியாகும்; 10 டிகிரி குறைந்தால் இரு மடங்காகும்.

105 டிகிரியில் 5,000 மணி நேரம் உழைக்கும் கண்டன்சர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதை 65 டிகிரியில் வைத்திருந்தால் நான்கு முறை இரட்டிக்க வேண்டும். 10,000, 20,000, 40,000, 80,000 மணி. இன்வெர்ட்டர் நாளுக்கு 11 மணி வீதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மணி நேரம் வேலை செய்கிறது. ஆகவே ஆயுள் 20 ஆண்டுகள். அதே பெட்டி மேற்குச் சுவரில் வெயில்படும்படி மாட்டப்பட்டு, கண்டன்சர் 75 டிகிரிக்குப் போனால்? 40,000 மணி; 10 ஆண்டுகள்தான்! வேலை நேரம் முழுவதும் ஒரே வெப்பநிலை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. என்றாலும் உண்மை விளங்குகிறதல்லவா? ஒரு கைப்பிடி நிழல், பத்து ஆண்டு ஆயுள்.

வளைத்து வளைத்து ஒடிவது

ஒரு கம்பியை ஒரு முறை வளைத்தால் ஒடியாது. அதே இடத்தில் பலமுறை வளைத்தால் ஒடிந்துவிடும். இன்வெர்ட்டருக்குள்ளும் இதுவே நடக்கிறது.

சுவிட்சில் சிலிக்கன் துண்டு இருக்கிறது. அதன் மேல் மெல்லிய அலுமினியக் கம்பிகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. கீழே ஈயப்பற்றும் செம்புத் தகடும் உள்ளன. சூடேறினால் எல்லாமே விரிவடையும்; ஆனால் ஒரே அளவில் அல்ல. சிலிக்கனைவிடச் செம்பு சுமார் 6 மடங்கும், அலுமினியம் சுமார் 9 மடங்கும் அதிகமாக விரிகின்றன. பகலில் விரிவு, இரவில் சுருக்கம். 25 ஆண்டுகளில் இது 9,000 முறைக்கு மேல் நிகழும். மேகம் வந்து வந்து போகும் நாளில் சிறிய அளவில் பலமுறை நிகழும். பொருள்கள் சேருமிடத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றி வளர்கிறது. ஒரு நாள் கம்பி விட்டுப்போகிறது.

ஒரு திருகு தளர்ந்தால்

இனி, கவனக்குறைவால் வரும் பழுதுகள். கம்பியைப் பிடித்திருக்கும் ஒரு திருகு தளர்ந்து, அந்த இடத்தில் அரை ஓம் மின்தடை உண்டானதாகக் கொள்வோம். 10 ஆம்பியர் ஓடினால் அங்கே பிறக்கும் வெப்பம் 10 × 10 × ½ = 50 வாட். ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயத்தை உருக்கப் பயன்படுத்தும் கருவி 25 வாட்தான்! ஒரு திருகு முனையில் அதைப் போல் இருமடங்கு வெப்பம் என்றால், உறை கருகி உருகுவதில் வியப்பில்லை.

நேர்திசை மின்னோட்டத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால், பொறி எழுந்தாலும் அணைய வாய்ப்புண்டு. நேர்திசை மின்னோட்டம் சுழியைத் தொடுவதே இல்லை. எனவே மின்சாரம் ஓடும்போது பலகையின் இணைப்பைப் பிடுங்கினால், எழும் தீப்பொறி அணையாமல் நீண்டு எரியும்.

தூசி அடைத்த விசிறி, பெட்டிக்குள் புகுந்த பல்லி அல்லது எறும்பு, கடற்கரை ஊர்களின் உப்புக் காற்று, இடி மின்னலால் கம்பியில் பாயும் மிகை மின்னழுத்தம் ஆகியவையும் இன்வெர்ட்டரின் பகைவர்களே. இவற்றைத் தடுக்க நல்ல அடைப்பும், மிகை மின்னழுத்தத் தடுப்பானும், சரியான நிலத்தொடர்பும் தேவை.

பழுதல்ல, காவல்!

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருவோம். அந்த வீட்டு இன்வெர்ட்டர் பழுதாகவே இல்லை. தன் கடமையைத்தான் செய்தது.

தெருவில் மின்சாரம் நின்றால் லைன்மேன் கம்பத்தில் ஏறிப் பழுதுபார்ப்பார். கம்பியில் மின்சாரம் இல்லை என்பதே அவருடைய நம்பிக்கை. அந்த நேரத்தில் ஏதோ ஒரு வீட்டு மாடியிலிருந்து மின்சாரம் கம்பிக்குள் பாய்ந்தால் அவர் உயிருக்கே ஆபத்து. ஆகவே, மின்வாரியக் கம்பியில் மின்சாரம் இல்லையென்று கண்டவுடன் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. மின்வெட்டின்போதும் விசிறி சுற்ற வேண்டுமானால், பாட்டரியோடு, வீட்டைக் கம்பியிலிருந்து பிரித்துவிடும் தனி அமைப்பும் வேண்டும்.

பழுது போலத் தோன்றும் வேறு சில செயல்களும் உள்ளன. தெருக் கம்பியின் மின்னழுத்தம் எல்லை மீறினால் இன்வெர்ட்டர் நின்று, சரியானதும் மீண்டும் இயங்கும். மழை பெய்த மறுநாள் காலையில், நனைந்த கம்பியின் உறை வழியே மின்கசிவைக் கண்டால் அது கிளம்ப மறுக்கும். ஈரம் உலர்ந்ததும் கிளம்பும். தினமும் இப்படி நேர்ந்தால் எங்கோ உறை கிழிந்திருக்கிறது என்று பொருள். கடும் வெப்பத்தில் அது தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்வதும் தற்காப்பே.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ சூரிய மின்பலகை இருந்தால், ஒரு நோட்டுப்புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். பொறுப்பான பெரியவர் ஒருவருடன் சென்று, தினமும் மாலையில் இன்வெர்ட்டரின் திரையில் தெரியும் அன்றைய யூனிட்டுகளையும், வானம் தெளிவா மேகமா என்பதையும் எழுதுங்கள். நின்ற நேரத்தையும், திரையில் தோன்றிய பிழை எண்ணையும் குறியுங்கள். ஒரு மாதம் சென்றபின் வரைபடம் வரையுங்கள். வானம் தெளிந்த நாளிலும் கோடு இறங்கினால் ஏதோ குறை இருக்கிறது. தூசியா, வெப்பமா, திருகா என்று தேட வேண்டியவர் பயிற்சி பெற்ற பணியாளர். பழுதுபார்க்க வருபவருக்கு உங்கள் நோட்டுப்புத்தகம் மிகவும் உதவும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். பெட்டியைத் திறக்கவே கூடாது. சுவிட்சை அணைத்த பின்னும் கண்டன்சருக்குள் மின்னூட்டம் சில நிமிடங்கள் தங்கியிருக்கும். வெளிச்சம் இருக்கும் வரை பலகையின் கம்பிகளிலும் மின்னழுத்தம் இருக்கும்.

பெட்டிக்கு நிழலும் காற்றும் கிடைக்கிறதா என்று பார்ப்பது உங்களால் முடிந்த வேலை. அதை இன்றே செய்யலாமே!