மலைக்குள் ஒரு சாலை

நுழையும்முன்

மலையைக் குடைந்து மறுபுறம் செல்வது பொறியியலின் ஒரு பாதி. உள்ளே தீப்பற்றினால் மனிதர் உயிருடன் வெளியேற வழி அமைப்பது மறுபாதி. அந்த இரண்டாம் பாதியை விளக்குகிறது இப்பாடம்.

திருவில்லிபுத்தூரிலிருந்து இராசபாளையம் வழியாகச் செங்கோட்டை செல்பவருக்கு, மேற்குத் தொடர்ச்சி மலை வலப்புறத்தில் துணைவருவது போலத் தோன்றும். திருமங்கலத்தையும் கொல்லத்தையும் இணைக்கும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அது. செங்கோட்டைக்கு அப்பால், புளியரையில் அச்சாலை வளைந்து வளைந்து மலையேறிக் கேரளத்துள் இறங்குகிறது. தொடர்வண்டியோ மலையைக் குடைந்த சுரங்கத்தினுள் புகுந்து செல்கிறது. அத்தடத்தில் 1904ஆம் ஆண்டிலேயே பயணியர் வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. இராசபாளையத்தில் கொல்லம் விரைவுவண்டி ஏறி மலை கடப்போர் அந்த இருளைக் கடந்தே செல்கின்றனர்.

செங்குத்தான ஏற்றத்தில் தொடர்வண்டி ஏற இயலாது. ஆதலால் அதற்குச் சுரங்கம் வேண்டும். சாலைச் சுரங்கத்தின் இடர் வேறுவகை. தொடர்வண்டியைப் பயிற்சி பெற்றவர் இயக்குகின்றனர். சாலைச் சுரங்கத்திலோ முன்பின் அறியாத பலர், ஆளுக்கொரு எரிபொருள் தொட்டியுடன், நெருங்கிச் செல்கின்றனர்.

இதன் விளைவை ஆல்ப்சு மலை காட்டியது. பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மோன் பிளாங்க் சுரங்கம் 11.6 கி.மீ. நீளமுடையது, 1965இல் திறக்கப்பட்டது. 1999 மார்ச் 24 அன்று, மாவும் மார்கரினும் ஏற்றிச்சென்ற சரக்குந்து ஒன்று சுரங்கத்தின் நடுப்பகுதியில் தீப்பற்றி நின்றது. இத்தாலியப் பக்கத்திலிருந்து செலுத்தப்பட்ட காற்று, தீயை வளர்த்துப் புகையைப் பிரெஞ்சுப் பக்கம் தள்ளியது. இரு முனைகளிலும் இரு நிறுவனங்கள்; இரு கட்டுப்பாட்டு அறைகள். ஐம்பது மணிநேரத்திற்கும் மேலாகத் தீ எரிந்தது. மாண்டோர் 39 பேர். அவர்களுள் பெரும்பாலோர் தத்தம் வண்டிகளுக்குள்ளேயே இறந்து கிடந்தனர். பிறரைக் காக்க இருசக்கர வண்டியில் புகைக்குள் சென்ற காவலர் பியர்லூசியோ டினாட்சியும் மீளவில்லை. பாதுகாப்பு அறைகள் அங்கு இருந்தன. ஆனால் அவற்றிலிருந்து வெளியே செல்ல வழியில்லை!

முப்பத்து நான்கு ஆண்டுகள் சுங்கக் கட்டணம் பெறப்பட்ட பாதை அது. தப்பிக்கும் வழி அமைக்கப்படாமலே அத்தனை ஆண்டுகளும் கழிந்தன என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

2002இல் அது மீண்டும் திறக்கப்பட்டபோது ஒரே நிருவாகம் பொறுப்பேற்றது. 300 மீட்டருக்கு ஒன்றாகப் பாதுகாப்பு அறைகள் அமைக்கப்பட்டு, சாலைக்கு அடியில் செல்லும் வழியுடன் இணைக்கப்பட்டன. ஓடும் வண்டிகளுக்கு இடையே 150 மீட்டர் இடைவெளி கட்டாயம். இன்று ஒரு மகிழுந்து ஒருமுறை கடக்க 50 யூரோவுக்கும் மேல் கட்டணம். சுவிட்சர்லாந்தின் 16.9 கி.மீ. நீளமுள்ள காட்ஹார்டு சுரங்கத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை. நெடுஞ்சாலைகளுக்கான 40 பிராங்கு ஆண்டு வில்லையே போதும். 2001 அக்டோபரில் அங்கும் இரு சரக்குந்துகள் மோதித் தீப்பற்றின. 11 பேர் இறந்தனர். ஆயினும் தொடக்கத்திலேயே இணையாக வெட்டப்பட்டிருந்த பாதுகாப்பு வழியால் பலர் பிழைத்தனர்.

நம் நாட்டில், சம்மு காசுமீரிலுள்ள செனானி–நஷ்ரி சுரங்கம் 9.28 கி.மீ. நீளமுடையது, 2017இல் திறக்கப்பட்டது. அதற்கு இணையாகத் தப்பிக்கும் சுரங்கம் ஒன்று செல்கிறது; 29 குறுக்கு வழிகள் இரண்டையும் இணைக்கின்றன. 2020இல் திறக்கப்பட்ட இமாசலத்தின் அடல் சுரங்கத்தில் அவ்வழி சாலைக்கு அடியிலேயே அமைந்துள்ளது. நமக்கு அண்மையில், பாலக்காடு–திருச்சூர் சாலையிலுள்ள குதிரான் இரட்டைச் சுரங்கத்தின் முதல் வழி 2021இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டே ஒரு டிப்பர் லாரி, தூக்கிய தொட்டியைத் தாழ்த்தாமல் உள்ளே ஓடி, மேலிருந்த விளக்குகளையும் கண்காணிப்புக் கருவிகளையும் உடைத்துவிட்டது.

சுங்கச்சாவடியில் பணம் தருபவர், கடக்கும் தொலைவுக்கே அதைத் தருவதாக எண்ணுவது இயல்பு. இரவுபகலாகச் சுழலும் காற்றாடிகள், உடைந்த விளக்கை மாற்றும் கைகள், எவரும் நடந்திராத அந்த இணைவழி ஆகியவற்றின் செலவும் அதனுள் அடங்கும். அவ்வழியைப் பயன்படுத்தும் நேரம் வந்தால் வண்டியைத் திருப்ப முயலக்கூடாது. ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, சாவியை அதிலேயே விட்டுவிட்டுப் பச்சைக் குறியீடு காட்டும் கதவை நோக்கி உடனே நடக்க வேண்டும்.