மனப்பாடம் போதுமா?

கேள்வி: டேட்டா ஸ்டோரேஜ் வன்பொருள் பராமரிப்புச் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்கிறேன். பாடங்களை மனப்பாடம் செய்தால் தேறிவிடலாமா?
– ஒரு வாசகர், கே.கே. நகர், சென்னை-78.

பதில்: மனப்பாடம் மட்டும் போதாது. 1988-ஆம் ஆண்டில் பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்ஸன், காட்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட 'ரெய்டு' என்னும் முறை, ஒரு டிஸ்க் பழுதானாலும் அதிலுள்ள தகவல் நாசமாகாதபடி பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஆளும் உபாயமாகும். அதன் வகைகளை ஒப்பிப்பதைக் காட்டிலும் கணக்காகப் போட்டுப் பார்ப்பதே சிரேஷ்டம். 4 டெராபைட் டிஸ்க்குகள் எட்டு இருக்குமானால், ரெய்டு 5-இல் 28 டெராபைட்டும், இரண்டு டிஸ்க்குகள் பழுதானாலும் தாங்கக்கூடிய ரெய்டு 6-இல் 24 டெராபைட்டும் கிடைக்கும் என்பதைத் தாமே கண்டறிந்தவருக்கு, வினா எந்த ரூபத்தில் வந்தாலும் கலக்கமில்லை.

அடுத்தது கைப்பழக்கம். ரிச்சி தெருவில் பழைய சர்வர் ஒன்றைத் தேடி வாங்கி, நிலைமின்சாரத்திலிருந்து காக்கும் பட்டையை மணிக்கட்டில் அணிந்துகொண்டு, ஒரு டிஸ்க்கை உருவி வேறொன்றைச் செருகி, இழந்த தகவல் மீண்டும் உருவாவதைப் பொறுமையாகக் கவனியுங்கள். ரெய்டு 5-இல் ஏற்கெனவே ஒரு டிஸ்க் பழுதாகியிருக்கையில், அவசரத்தில் பக்கத்திலுள்ள நல்ல டிஸ்க்கை உருவினால் தொகுதி முழுவதுமே செயலற்றுவிடுமாதலால், எச்சரிக்கை விளக்கையும் சீரியல் எண்ணையும் ஒத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

திருட்டு வினாத்தொகுப்புகளைத் தீண்டாதீர்கள். ஆஸ்பத்திரிகளும் வங்கிகளும் நம்பி ஒப்படைக்கும் பொக்கிஷத்தைக் காக்கும் யோக்கியதையே நீங்கள் சம்பாதிக்க வேண்டியது. சான்றிதழ் அதற்குச் சாட்சி மாத்திரமே.