ஆகஸ்ட் 15: கொடியேற்றம் முடிந்த பிறகு



இந்த மாதப் பாடத்துக்கு சுதந்திர தினத்தை எடுத்துக்கொள்கிறோம். கூட்டத்தில் ஊக்குநர் சத்தமாகப் படிக்கட்டும். மற்றவர்கள் நடுவில் நிறுத்தித் தாராளமாகக் கேள்வி கேட்கலாம்.

"சுதந்திர தினம்னா உங்களுக்கு என்னம்மா?" என்று படப்பை சுற்று வட்டாரக் குழுக்களில் கேட்டால் வரும் பதில்கள் ஏறக்குறைய ஒன்றுதான். பிள்ளைங்களுக்கு ஸ்கூல்ல மிட்டாய் கொடுப்பாங்க. டிவியில புதுப்படம் போடுவாங்க. டாஸ்மாக் கடை மூடியிருக்கும். மூன்றாவது பதில் வரும்போது மட்டும் எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குள் என்ன வேதனை இருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

சரி, 1947-க்கு முன்னால் நம்மைப் போன்றவர்கள் எங்கே இருந்தோம்? வெள்ளைக்காரன் காலத்திலும் தேர்தல் நடந்தது. ஆனால் சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது ஒன்று இருந்தால்தான் ஓட்டு. நிலமும் இல்லை, கையெழுத்தும் தெரியாது என்றால் ஓட்டும் இல்லை. அப்படிப்பட்ட பெண்கள்தான் நம் பாட்டிமார்களில் அதிகம். 1950-ல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான், 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு என்று ஆனது. (அந்த வயது 18 ஆனது 1989-ல்.)

அப்போது ஒரு வேடிக்கை நடந்தது. 1951-52 முதல் பொதுத் தேர்தலுக்கு வீடு வீடாகப் பெயர் எழுதப் போனார்கள். பல இடங்களில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. "இன்னாருடைய மனைவி", "இன்னாருடைய அம்மா" என்றே எழுதச் சொன்னார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், பெயர் இல்லாமல் பட்டியலில் சேர்க்க முடியாது என்று உறுதியாக நின்றுவிட்டார். அதனால் சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. இதில் பெரும்பாலானவர்கள் வட மாநிலத்தவர். அவர் அநியாயம் செய்தார் என்று சிலருக்குத் தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. குழு ஆரம்பித்த முதல் கூட்டத்தில் உங்களில் எத்தனை பேர் பெயரைச் சொல்லவே தயங்கினீர்கள்? இன்று வங்கியில் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்குகிறீர்கள். பெயரில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது.

ஒரகடம் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் உறுப்பினர்கள் இதைக் கவனிக்கவும். தமிழ்நாட்டில் 1958-லேயே ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்கள் தொழிற்சாலைகளில் சம்பளத்தோடு விடுமுறை. அன்று வேலைக்கு வரச் சொன்னால் இரட்டைச் சம்பளம் தரவேண்டும். இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள விடுமுறை தரவேண்டும். கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். தனியாகக் கேட்காதீர்கள், நாலு பேராகப் போங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கிராம ஊராட்சிகளில் ஆகஸ்ட் 15 என்றால் கிராம சபை நாள். முன்பு வருடத்துக்கு நாலு கிராம சபை நடந்தது. 2022 முதல் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து ஆறு ஆகிவிட்டது. காலையில் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம் முடிந்ததும் நம் பெண்கள் வீட்டுக்குப் போய் உலை வைக்கிறார்கள். சபையில் ஆண்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். அப்புறம் நோட்டு மட்டும் கையெழுத்துக்கு வீடு தேடி வருகிறது. தீர்மானம் எழுதாத வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவது, தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போடுவதற்குச் சமம். குழுப் பணத்தில் அப்படிச் செய்வீர்களா?

ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர்தான். யாரும் கூப்பிடவேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். குறைந்தபட்ச வருகைக்கும் கணக்கு உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வரவேண்டும். இதைக் குழுக் கணக்கில் பாருங்கள். குழுவுக்கு 15 பேர் என்று வைத்தால், ஏழு குழு சேர்ந்து போனால் 3,000 பேர் உள்ள ஊரில் கோரம் நம்மாலேயே நிறைந்துவிடும்! ஊராட்சியின் வரவு செலவை அங்கே படித்துக் காட்டவேண்டும். மாதாமாதம் குழுக் கணக்கைப் பார்க்கிற உங்களுக்கு அது ஒன்றும் புரியாத பாஷை இல்லை.

தீர்மானம் போட்டால் மறுநாளே நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே பரந்தூர் பக்கம் ஏகனாபுரம் இருக்கிறது. விமான நிலையத்துக்கு அந்த ஊர் நிலத்தை எடுக்கப்போவதாக 2022-ல் அறிவிப்பு வந்தது. அந்த வருடம் ஆகஸ்ட் 15 கிராம சபையிலேயே மக்கள் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பிறகும் பலமுறை போட்டார்கள். அரசு திட்டத்தைக் கைவிடவில்லை. ஆனாலும் அந்த ஊர்ப் பெண்கள் என்ன சொன்னார்கள் என்பது அரசுப் பதிவேட்டில் இருக்கிறது. வாயால் சொன்னது காற்றோடு போயிருக்கும்.

கொடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1974 வரை ஒரு முதலமைச்சர்கூட சுதந்திர தினத்தில் கோட்டையில் கொடியேற்றியதில்லை. ஆளுநர்தான் ஏற்றினார். மக்கள் தேர்ந்தெடுத்தவர்தான் ஏற்றவேண்டும் என்று கேட்டு உரிமை வாங்கி, அந்த வருடம் கலைஞர் கருணாநிதி ஏற்றினார். முதலமைச்சருக்குக் கிடைத்த அந்த உரிமை ஊராட்சித் தலைவிக்கு முழுசாக வந்ததா? திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவி அமிர்தம், தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். 2020 ஆகஸ்ட் 15 அன்று பள்ளியில் கொடியேற்ற விடாமல் அவரைத் தடுத்தார்கள். செய்தி வெளியே வந்த பிறகு, ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். ஐந்து நாள் தாமதம். 2022 ஆகஸ்டில், இப்படி எங்கும் பாகுபாடு நடக்கக் கூடாது என்று தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டம் வந்தது. நம் மாவட்டத்தில் 2021 அக்டோபர் தேர்தல் அந்தக் கணக்கில்தான் நடந்தது. தலைவி நாற்காலியில் யார் உட்காருகிறார், மைக்கை யார் பிடிக்கிறார் என்று ஆகஸ்ட் 15 அன்று போய்ப் பாருங்கள். கணவர் பிடித்தால், "அம்மா நீங்க பேசுங்க" என்று நம் குழுப் பெண்களே சொல்லலாம், தப்பில்லை.

பெருங்களத்தூர் போல தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்ட இடங்களில் கிராம சபை கிடையாது. அங்கே பகுதி சபை உண்டு. எப்போது கூடும் என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள்.

ஆகஸ்ட் முதல் வாரக் குழுக் கூட்டத்தில் தெருவிளக்கு, குடிநீர், ரேஷன் கடை, ஏரிக் கால்வாய் அடைப்பு என்று எது அவசரமோ, ஒன்றை மட்டும் முடிவு செய்யுங்கள். பத்தைக் கேட்டால் ஒன்றும் நடக்காது. மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதாக ஊராட்சிச் செயலரிடம் கையெழுத்து வாங்குங்கள். தீர்மானத்தை நோட்டில் எழுதி, படித்துக் காட்டிய பிறகு உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். அந்தப் பிரதியைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தோடு வைத்து, செப்டம்பர் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள்.