கோட்டைப் பிடித்து ஓடுமா கார்?

கேள்வி: மாதத்தில் இரண்டு மூன்று முறை திருச்சியிலிருந்து சென்னைக்குக் காரில் போய் வருகிறேன். வார இறுதியில் புதுக்கோட்டைப் பக்கம் உள்ள எங்கள் கிராமத்துக்கும் போவோம். புது வண்டிக்காக ஹூண்டாய் கிரெட்டா, ஹோண்டா சிட்டி ஹைப்ரிட், மஹிந்திரா எக்ஸ்யூவி700 மூன்றையும் பார்த்தோம். மூன்று ஷோரூமிலும் ‘அடாஸ் லெவல் 2 சார், லேனை விட்டு விலகாமல் காரே பார்த்துக்கும்’ என்கிறார்கள். டெஸ்ட் டிரைவில் ஓட்டிப் பார்த்த என் மனைவியோ, ‘யாரோ ஸ்டீயரிங்கைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு’ என்று பயந்துவிட்டார். மூன்றில் எது நன்றாக வேலை செய்யும்? இரவுப் பயணத்தில் கொஞ்சம் கண் அசந்தால் காப்பாற்றுமா?
— வாசகர், திருச்சி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காப்பாற்றாது. தயவுசெய்து அதை நம்பி ஓர் இரவுகூட வண்டியை எடுக்காதீர்கள்.

நம் கை ஸ்டீயரிங்கில் இருக்கிறதா என்று பெரும்பாலான கார்கள் தெரிந்துகொள்வது, நாம் கொடுக்கும் மெல்லிய திருப்பு விசையை வைத்துத்தான். தூக்கத்தில் கனத்துத் தொங்கும் கையும் அதே விசையைக் கொடுக்கும். சரி, கை நழுவியே விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. ஒழுங்குவிதி 79, கையை எடுத்தபின் முதல் எச்சரிக்கைக்கு 15 நொடி வரை இடம் தருகிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் 400 மீட்டரைத் தாண்டியிருப்பீர்கள். தூக்கம் வந்தால் டோல்கேட் தாண்டி ஓரமாக நிறுத்தித் தூங்குங்கள். வேறு வழி கிடையாது.

இனி மூன்று கார்களுக்கு வருவோம். ஷோரூமில் ஒரே பெயரில் சொல்லப்படுவது உண்மையில் மூன்று தனித்தனி வேலை. கோட்டைத் தாண்டும்போது சத்தம் போட்டு எச்சரிப்பது ஒன்று. தாண்டப் போகும் நேரத்தில் மட்டும் ஸ்டீயரிங்கை லேசாக உள்ளே திருப்பிவிடுவது இரண்டாவது. எப்போதும் லேனின் நடுவிலேயே காரைப் பிடித்து வைக்க முயல்வது மூன்றாவது. உங்கள் மனைவியைப் பயமுறுத்தியது அநேகமாக இந்த மூன்றாவதுதான். குழப்பம் என்னவென்றால், ஹூண்டாயில் ‘லேன் கீப்பிங் அசிஸ்ட்’ என்பது இரண்டாவது வேலை. நடுவில் பிடித்து வைப்பதற்கு அங்கே ‘லேன் ஃபாலோயிங் அசிஸ்ட்’ என்று பெயர். ஹோண்டாவிலோ ‘லேன் கீப்பிங்’ என்றாலே நடுவில் பிடித்து வைப்பது. எக்ஸ்யூவி700-ல் அதை க்ரூஸ் கன்ட்ரோலோடு சேர்த்து ‘ஸ்மார்ட் பைலட் அசிஸ்ட்’ என்கிறார்கள். பெயர்ப் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

இன்னொன்றும் சொல்லியிருப்பார்கள்: ‘சிட்டியில் கேமரா மட்டும்தான் சார், மற்றதில் ரேடாரும் இருக்கு.’ முன்னால் போகும் வண்டியின் தூரத்தை அளக்க ரேடார் பெரிய பலம்தான். ஆனால் ரோட்டில் அடித்த பெயிண்ட் ரேடாருக்குத் தெரியாது. கோட்டைப் பார்ப்பது மூன்றிலும் முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராதான். ஆகவே லேன் விஷயத்தில் மட்டும் ரேடாரை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேகத்தில் வித்தியாசம் உண்டு. சிட்டியின் லேன் கீப்பிங் 72 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல்தான் விழிக்கும். கிரெட்டாவில் நடுவில் பிடித்து வைக்கும் வசதி, நெரிசலில் ஊர்ந்து போகும்போதும் வேலை செய்யும்.

காரின் அகலத்தையும் பாருங்கள். நெடுஞ்சாலையில் ஒரு லேன் பொதுவாக 3.5 மீட்டர். 1,790 மி.மீ. அகலமுள்ள கிரெட்டா நட்டநடுவில் போனால் இருபுறமும் சுமார் 85 செ.மீ. மிஞ்சும். எக்ஸ்யூவி700 1,890 மி.மீ.; அதற்கு 80 செ.மீ.தான். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் தளர்ந்து, கார் ஒரே ஒரு டிகிரி கோணம் விலகினாலும் நொடிக்கு அரை மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் நகரும். இரண்டு நொடிக்குள் கோட்டில் டயர். போனில் பேர் பார்க்கிற நேரம் அவ்வளவுதான். இந்த இரண்டு நொடியில்தான் இந்தத் தொழில்நுட்பம் தன் சம்பளத்தைச் சம்பாதிக்கிறது. வெறும் எச்சரிக்கைச் சத்தமே, வண்டி ரோட்டை விட்டு இறங்குவது, பக்கவாட்டில் உரசுவது, எதிரே மோதுவது போன்ற விபத்துகளை 11 சதவீதம் குறைத்ததாக அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். நிறுவனம் 2017-ல் கண்டறிந்தது. காயம் ஏற்பட்ட விபத்துகளில் 21 சதவீதம்.

ஆனால் நம் ரோட்டை நினைத்துப் பாருங்கள். இடது ஓரக் கோட்டை ஒட்டி ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் போகிறது, பின்னால் புல்லுக்கட்டு. நீங்கள் அனிச்சையாக வலப்பக்கம் ஓர் அடி ஒதுங்கி இடம் விடுவீர்கள். நல்ல ஓட்டுநர் செய்வது அதுதான். இண்டிகேட்டர் போடாத அந்த ஓர் அடியை, நடுவில் பிடித்து வைக்கும் கார் தவறு என்று எண்ணி, ஸ்டீயரிங்கை அந்த எக்ஸ்எல் பக்கமே திருப்பப் பார்க்கும். விசை சிறியதுதான், கையை இறுக்கினால் நீங்களே ஜெயிப்பீர்கள். ஆனாலும் அந்த அரை நொடித் தடுமாற்றம் எனக்குப் பிடிக்கவில்லை. சர்வீஸ் ரோட்டில் இடமிருக்க மெயின் ரோட்டில் எதிரே வரும் பைக், குழி, பழைய கோட்டை அழிக்காமல் மேலேயே புதுக்கோடு போட்ட டைவர்ஷன் எல்லாவற்றிலும் இதே கதைதான். கோடுகள் ஒழுங்காக உள்ள அமெரிக்காவிலேயே, வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2020-ல் 4,000 மைல் ஓட்டிச் சோதித்தபோது, சராசரியாக 8 மைலுக்கு ஒருமுறை உதவி அமைப்புகள் தடுமாறின. அதில் முக்கால்வாசி லேன் சிக்கல்கள்.

அதனால், எந்தக் கார் கோட்டை இறுக்கமாகப் பிடிக்கிறது என்று தேடாதீர்கள். கார் தன் பிடியை விட்டுவிடும்போது அதை எவ்வளவு தெளிவாகச் சொல்கிறது என்று பாருங்கள். பல கார்களில் கோடு மறைந்ததும் மீட்டரில் இருக்கும் சின்னப் பச்சை ஸ்டீயரிங் படம் சத்தமில்லாமல் நிறம் மாறும், அவ்வளவுதான். டெஸ்ட் டிரைவை மாலை வெயில் கண்ணாடியில் அடிக்கும் நேரத்தில், முடிந்தால் மழை நாளில் கேளுங்கள். கோடு தேய்ந்த இடத்தில் கார் என்ன செய்கிறது, அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது, உங்கள் கை எவ்வளவு எளிதாக அதை மீற முடிந்தது என்று கவனியுங்கள். ஸ்டீயரிங்கில் உங்கள் மனைவியை உட்கார வையுங்கள். அவர் தீர்ப்பு முக்கியம்.

லேன் உதவி ஒன்றை மட்டும் வைத்துச் சொன்னால், நான் சிட்டியைத் தேர்ந்தெடுப்பேன். புதுக்கோட்டை ரோட்டில் ஐம்பது, அறுபதில் போகும்போது அது பேசாமல் இருக்கும். நால்வழிச் சாலை ஏறியதும் வேண்டுமானால் நீங்களே அழைக்கலாம். தாண்டும்போது மட்டும் தட்டிக்கொடுப்பது அதில் தனி வசதி. கிரெட்டா வாங்கினால் நடுவில் பிடிப்பதை அணைத்துவிட்டு, லேன் கீப்பிங் அசிஸ்டை மட்டும் வைத்துக்கொண்டு கிராமத்துக்குப் போங்கள். எக்ஸ்யூவி700 வேண்டுமென்றால் அதன் இடவசதிக்காக வாங்குங்கள்.

எந்தக் கார் எடுத்தாலும், ஃபாஸ்டேக் ஒட்டுபவர் அதைக் கேமராவுக்கு முன்னால் ஒட்டாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். கல் அடித்து முன்கண்ணாடி மாற்ற நேர்ந்தால் கேமராவைத் திரும்ப அளவு சரிபார்க்க வேண்டும். இன்ஷூரன்ஸ் கிளெய்மில் அந்தக் கேலிப்ரேஷன் செலவும் சேருமா என்று பாலிசி எடுக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.