அனைவருக்குமான நகரம்

நுழையும்முன்

படியேற இயலாதவர்க்குச் சாய்தளம் அமைப்பது கடமையென்பதை இன்று யாவரும் ஏற்கின்றனர். ஒலியையும் ஒளியையும் நெரிசலையும் தாங்க இயலாதவர்க்கு நகரம் எதை அமைத்துத் தந்துள்ளது?

பேருந்து நிலையம் ஒன்றில் ஒலிபெருக்கி முழங்குகிறது, காற்றொலிப்பான்கள் அலறுகின்றன, விளம்பர விளக்குகள் விட்டுவிட்டு மின்னுகின்றன. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் அமர்ந்து கதறுகிறான். "வளர்ப்பு சரியில்லை" என்கிறார் ஒருவர். தாய் பயணத்தைக் கைவிட்டு வீடு திரும்புகிறார். அவனுக்கு ஆட்டிசம் இருப்பதை அங்கிருந்தோர் அறியார். நிலையத்தை வடிவமைத்தோரும் அவனை எண்ணிப் பார்த்ததில்லை.

நரம்பியல் பன்மை

ஆட்டிசம், கவனக்குறைவு மிகையியக்கம், சொற்களை வாசிப்பதில் இடர்தரும் டிஸ்லெக்சியா ஆகியவற்றை நோய்களாக அன்றி, மூளை இயங்கும் முறையில் அமைந்த வேறுபாடுகளாகக் காணும் பார்வையே 'நரம்பியல் பன்மை' எனப்படும். பிறர் பொருட்படுத்தாத குழல்விளக்கின் சிமிட்டல்கூட இவர்களுள் சிலருக்குத் தாங்கவொண்ணா வேதனையாகும். சிலருக்கோ வழி விளங்காமையே அச்சம் தரும்.

படம் காட்டும் வழி

மெக்சிகோ நகரில் 1969ஆம் ஆண்டு மெட்ரோ தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. அதன் நிலையம் ஒவ்வொன்றுக்கும் பெயருடன் ஒரு படக்குறியும் உண்டு. சாபுல்தெபெக் நிலையத்தை வெட்டுக்கிளியும் காந்தெலாரியா நிலையத்தை வாத்தும் காட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு உதவும் இக்குறிகள், டிஸ்லெக்சியா உடையோர்க்கும் அயலூரார்க்கும் வழித்துணையாகின்றன. ஒருவருக்கென அமைத்த வசதி பலருக்கும் பயன்படுதலே நல்ல வடிவமைப்பின் இயல்பு.

மனத்துக்கேற்ற கட்டடம்

பிரித்தானியத் தர நிறுவனம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி நூல், கட்டடங்களின் ஒளி, ஒலி, தரையமைப்பு, வழிகாட்டும் குறிகள், அமைதியிடங்கள் ஆகியவற்றை நரம்பியல் பன்மையின் நோக்கில் விளக்குகிறது. பளபளக்கும் தரையும் அழுத்தமான கோடுகளும் சிலருக்குப் பள்ளமாகவோ படியாகவோ தோன்றக்கூடும். மங்கலான பூச்சு, ஒலியை உறிஞ்சும் கூரை, கண்கூசா விளக்கு ஆகியன அவ்விடரைக் குறைக்கும்.

தெரிந்து தெளிவோம்

இலண்டனை அடுத்த காட்விக் விமான நிலையத்தில் 2016ஆம் ஆண்டு சூரியகாந்திப் பூ பொறித்த கழுத்துப்பட்டி அறிமுகமானது. வெளியே தெரியாத குறைபாடு உடையோர் விரும்பினால் அதனை அணியலாம். அதனைக் காணும் பணியாளர் அவர்களுக்குப் பொறுமையுடன் உதவுவர்.

உரிமையும் வடிவமும்

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஆட்டிசத்தையும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் உள்ளிட்ட 21 வகைகளை ஏற்றுள்ளது. சட்டம் தந்த உரிமையைத் தெருவரை கொண்டுசேர்ப்பது வடிவமைப்பே. அப்பேருந்து நிலையத்தில் ஓர் அமைதியறை இருந்திருப்பின், சிறுவன் சற்றே இளைப்பாறி அடுத்த பேருந்தில் ஏறியிருக்கக்கூடும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியில் இரைச்சல் மிகுந்த இடங்களைக் கண்டறிந்து, அமைதியிடம் ஒன்றுக்கான வரைபடம் வரைக.

2. உங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தங்கள் ஐந்தனுக்குப் பொருத்தமான படக்குறிகளை உருவாக்குக.